ஐஸைப் போடுமுன் இனிப்பைப் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் கோடைக்கால பானங்கள் பற்றி வந்த பக்கத்தை மருமகள் தன் போனில் காட்டினாள். நீர்மோர், நன்னாரி, ஜிகர்தண்டா பற்றியெல்லாம் எழுதியதில் எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை, அது உங்கள் ஊர் சமாச்சாரம். ஆனால் ஐஸ் டீ பற்றி எழுதியிருந்த பதினைந்து வரியைப் படித்ததும், மதியத் தூக்கத்தை விட்டுவிட்டு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

செய்முறையில் இருந்தது இதுதான்: டீத்தூளைப் பத்து நிமிடம் நன்றாகக் கொதிக்கவிட வேண்டும், வடிகட்டி உடனே ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், கண்ணாடித் தம்ளரில் ஐஸ் போட்டு ஊற்ற வேண்டும், கடைசியில் "சுவைக்கேற்ப" சீனி போட்டுக் கலக்க வேண்டும். சீனி கரையாமல் நின்றால் இன்னும் ஒரு கரண்டி சேர்க்கலாமாம். கருப்பட்டி போட்டால் நிறம் கெட்டுவிடும் என்று ஒரு வரி. அதே பக்கத்தின் கீழே, சர்க்கரை நோய் உள்ளவர்கள் கருப்பட்டி போட்டுத் தாராளமாகக் குடிக்கலாம் என்று இன்னொரு வரி. எழுதியவர் இந்த டீயை ஒரு தடவையாவது குடித்துப் பார்த்தாரா என்று தெரியவில்லை. குடித்திருந்தால் சீனி அடியில் கிடப்பதை அவர் நாக்கே சொல்லியிருக்கும்.

நான் ரங்கூன்காரன். 1989இல் ஊருக்கு யாங்கோன் என்று பெயர் மாற்றிவிட்டார்கள், எங்கள் வாயில் இன்னும் ரங்கூன்தான். தாத்தா காலத்தில் சிவகங்கைப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். 1964இல் கடைகளையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொண்டபோது சொந்தக்காரர்களில் பாதிப் பேர் கப்பலேறி உங்கள் ஊருக்கு வந்துவிட்டார்கள். சென்னைக் கடற்கரைப் பக்கம் நீங்கள் அத்தோ என்கிற பர்மா நூடுல்ஸ் சாப்பிடுகிறீர்களே, அது அப்படி வந்தவர்கள் கையோடு கொண்டுவந்ததுதான். என் அப்பா போகவில்லை. பிரேசர் தெருவுக்கு (இப்போது அனோரத்தா சாலை) பக்கத்துச் சந்தில் டீக்கடை வைத்தார். அப்புறம் அதே அடுப்பில் நான் நின்றேன். முப்பது வருஷத்துக்கு மேல் டீ கலக்கிய கை இது. இங்கே டீ மாஸ்டரை 'அப்யோ சயா' என்பார்கள், சயா என்றால் வாத்தியார். அதனால் கொஞ்சம் வாத்தியார் தோரணையில் எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் ஊர் டீக்கடைக்கு நீங்கள் வந்தால் முதலில் கவனிக்க வேண்டியது, மேஜையில் சீனி டப்பா இருக்காது. சாயாத் தண்ணீர் நிறைந்த பிளாஸ்க் இருக்கும், அது இலவசம், 'யே நுவே ஜான்' என்ற பச்சைத் தேயிலைத் தண்ணீர். சிறிய கோப்பைகள் ஒரு கிண்ணத்து நீரில் மிதக்கும். ஆனால் பால் டீ வேண்டுமென்றால், எப்படி வேண்டும் என்பதை உட்காரும்போதே சொல்லிவிட வேண்டும். 'சோ செயிங்' என்றால் இனிப்பும் கொழுப்பும் தூக்கல். 'ஜா செயிங்' என்றால் சாயம் கடுப்பு, கொழுப்பு உண்டு, இனிப்பு குறைவு. 'பா ஜா' என்றால் இனிப்பும் இலேசு, கெட்டியும் இலேசு. 'பொங் மான்' என்றால் சாதாரணம், கடைக்காரன் விருப்பம். பையன் அதை அங்கிருந்தே ராகம் போட்டுக் கத்துவான். கன்டென்ஸ்டு மில்க் எத்தனை கரண்டி என்பதை அடுப்பில் நிற்பவன் அந்த ஒரு சொல்லை வைத்தே முடிவு செய்வான். கோப்பை மேஜைக்கு வந்தபின் இனிப்பு போதவில்லை என்றால் குற்றம் அடுப்பில் நிற்பவனுடையது, குடிப்பவனுடையது அல்ல. அப்பா இதைத்தான் சொல்லிக் கொடுத்தார்: "தித்திப்பு உன் பொறுப்புடா. கரண்டியை அவன் கையில் கொடுத்துத் தப்பிக்காதே."

சூடான டீக்கு இவ்வளவு கறாராக இருந்த நானே ஐஸ் டீயில் கோட்டை விட்டேன். அதைச் சொல்லாமல் உங்கள் கட்டுரையைக் குறை சொன்னால் யோக்கியமாக இருக்காது.

ஒரு சித்திரை மாதம். இங்கே எங்கள் வருஷப் பிறப்பும் பர்மியர்களின் தண்ணீர்த் திருவிழாவான திஞ்ஞானும் ஒரே வாரத்தில் வரும். தெருவெல்லாம் தண்ணீர், தலைக்கு மேலே தீயாக வெயில். எங்கள் பேட்டை அம்மன் கோவில் வாசலில் தண்ணீர்ப்பந்தல் போட்டோம். வழக்கம்போல் பானகம், நீர்மோர். அந்த வருஷம் இளவட்டங்கள் ஐஸ் டீயும் வேண்டும் என்றார்கள், டீக்காரன் நான் இருக்கும்போது வேறு யாரைக் கேட்பார்கள்? பெரிய அண்டாவில் கடையில் பால் டீக்கு இறக்குவதுபோலவே சாயத்தைக் கொதிக்கவிட்டு இறக்கினேன். கறுகறுவென்று இருந்தது. சூடு முழுக்க ஆறுவதற்குள் ஐஸ் பாளம் இரண்டை உமியைக் கழுவித் தூக்கி உள்ளே போட்டேன். என் கண் முன்னாலேயே அந்தச் சாயம் கலங்கியது. ஐராவதி ஆற்றில் புது வெள்ளம் வந்தால் ஒரு நிறம் இருக்குமே, அந்த நிறம். பக்கத்தில் நின்றவர்கள் பால் விட்டாச்சா என்று கேட்டார்கள். விடவில்லை.

சீனியைக் கடைசியாகப் போடலாம், சர்க்கரை வியாதிக்காரர்களுக்கு முதலில் கொஞ்சம் எடுத்து வைப்போம் என்று கமிட்டியில் ஒருவர் யோசனை சொன்னார். நல்ல எண்ணம்தான். எடுத்து வைத்துவிட்டு மூன்று வீசைச் சீனியைக் கொட்டினேன். (எங்களுக்கு இன்னும் வீசைக் கணக்குதான், பர்மியர்களும் அதையே வைத்திருக்கிறார்கள். தமிழ்நாட்டுப் பழைய வீசை ஒன்று 1.4 கிலோ, பர்மா வீசை 1.6 கிலோவுக்குக் கொஞ்சம் மேலே.) மேலே ஐஸ் பாளம் மிதக்கிறது, துடுப்பை நுழைத்துச் சுற்ற இடமில்லை. மேலாக இரண்டு சுற்றுச் சுற்றிவிட்டு ஊற்றிக் கொடுக்க ஆரம்பித்துவிட்டேன்.

முதல் நூறு பேர் குடித்ததும் முகத்தைச் சுளித்தார்கள். கசப்பு. சாமி கோவில் என்பதால் யாரும் துப்பவில்லை, அவ்வளவுதான். உச்சி வேளைக்குப் பிறகு அண்டா பாதிக்கு இறங்கியபோது வந்தவர்களுக்குத் தித்திப்பு ஏறிக்கொண்டே போனது. கடைசியில் அடியில் கிடந்தது டீயே இல்லை, பாகு. ஒரு சின்னப் பையன் அதை வாங்கிக் குடித்துவிட்டு "தாத்தா, இன்னொன்று" என்றான். அன்றைக்கு என் டீயைப் பாராட்டிய ஒரே ஆள் அவன்தான்.

பக்கத்துப் பந்தலில் பானகம் கரைத்துக்கொண்டிருந்த ஆச்சி ஒருவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். கருப்பட்டி வெல்லத்தை வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, எலுமிச்சை பிழிந்து, அப்புறம்தான் குளிர்ந்த தண்ணீர் சேர்ப்பார். என்னிடம் மெதுவாகக் கேட்டார்: "ஏன் தம்பி, பானகத்துக்கு வெல்லத்தைக் கட்டியாவா போட்டுக் குடுக்கிறோம்? கரைச்சுத்தானே ஊத்துறோம். டீக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்னிடம் பதில் இல்லை. மறுநாள் அவர் வடிகட்டி வைத்திருந்த கருப்பட்டித் தண்ணீரில் ஒரு குடம் கடன் வாங்கி என் சாயத்தில் கலந்தேன். அன்றைய அண்டா மதியத்துக்குள் காலி. அந்த நாளிலிருந்து என் ஐஸ் டீ எல்லாமே அந்த ஆச்சியின் பானகத்துக்குத் தம்பி முறைதான்.

என் அனுபவத்தைப் பேத்தியிடம் சொன்னபோது அவள் கணக்குப் போட்டுக் காட்டினாள், அவள் ரசாயனம் படிக்கிறவள். குளிர்ந்த தண்ணீரில் சீனி கரையாது என்று நாம் சொல்வது தப்பாம். கொதிக்கும் தண்ணீர் 100 கிராமில் சீனி 480 கிராமுக்கு மேல் கரையும். உறையும் நிலைக்குப் பக்கத்தில் இருக்கும் தண்ணீரிலும் கிட்டத்தட்ட 180 கிராம் கரையும். ஒரு தம்ளருக்கு நாம் போடுவது மூன்று கரண்டி, அது கரைய எங்கேயும் இடமுண்டு. ஆனால் குளிரில் கரைகிற வேகம் மிகக் குறைவு. தாகத்தோடு நிற்பவன் அவ்வளவு நேரம் காத்திருப்பானா? உங்கள் கட்டுரையாளர் சொன்னபடி அவன் இன்னொரு கரண்டி போட்டால், இனிக்காத டீயின் அடியில் முன்பைவிட அதிகச் சீனி கிடக்கும். சீனி விற்கிற விலையில் அது பாவம்.

அவள் சொன்ன இன்னொன்று எனக்குப் புதிதில்லை, காரணம் மட்டும் புதிது. குளிரில் நாக்குக்கு இனிப்பு மந்தமாகத் தெரியும். ஐஸ்கிரீம் உருகியபின் அதைக் குடித்துப் பாருங்கள், திகட்டும். அதனால் ஐஸ் டீக்கான சாயத்தைச் சூட்டில் ருசி பார்க்கும்போது 'கொஞ்சம் தூக்கல்' என்று தோன்ற வேண்டும். சூட்டில் சரியாக இருந்தால் ஐஸில் சப்பென்று இருக்கும். இந்தக் கணக்கை எந்தக் கரண்டியாலும் அளக்க முடியாது, நாலு தடவை செய்து கை பழக வேண்டும்.

கலங்கலுக்கும் காரணம் உண்டு. டீயில் இருக்கும் காஃபீனும், துவர்ப்பைத் தருகிற பாலிஃபீனாலும் சூட்டில் கரைந்து தெளிவாக இருக்கும். குளிர்ந்தால் ஒன்றோடொன்று ஒட்டித் திரளும். சாயம் எவ்வளவு கடுப்போ அவ்வளவு கலங்கும், சூட்டோடு சட்டென்று குளிர வைத்தாலும் கலங்கும். கெட்டுப்போய்விட்டது என்று கொட்டிவிட வேண்டாம், கொஞ்சம் வெந்நீர் விட்டால் தெளிந்துவிடும். ஆக, பத்து நிமிடம் கொதிக்கவிட்டு உடனே ஃபிரிட்ஜில் வை என்பது டீயைக் கலங்கவைக்கும் செய்முறை. பத்து நிமிடக் கொதி பால் டீக்குச் சரி. கன்டென்ஸ்டு மில்க்கின் புரதமும் இனிப்பும் அந்தத் துவர்ப்பை அமுக்கிவிடும். பாலில்லாத டீயில் அதை அமுக்க யார் இருக்கிறார்கள்?

நான் வீட்டில் செய்வதைச் சொல்கிறேன், ஒரு லிட்டருக்கு. அரை லிட்டர் தண்ணீர் கொதித்ததும் அடுப்பை அணைத்துவிடுவேன். தூள் அல்ல, இலை, நாலு கரண்டி. ஷான் மலையிலிருந்து வருகிற உருட்டிய கறுப்பு இலை எனக்குப் பிடிக்கும், கொஞ்சம் புகை வாசம் அடித்தாலும் பரவாயில்லை. மூடி வைத்து நாலு நிமிடம், ஐந்தைத் தாண்ட விடமாட்டேன். வடிகட்டும்போது இலையைக் கரண்டியால் அமுக்கிப் பிழியும் பழக்கம் பலருக்கு உண்டு, என் மருமகள் உட்பட. பிழிந்தால் கிடைப்பது நாலு சொட்டுக் கசப்புதான்.

கருப்பட்டி தனியாக ஒரு சின்னக் கிண்ணியில் அரைத் தம்ளர் வெந்நீரில் கரைந்துகொண்டிருக்கும். எழுபது கிராம் அளவு. கரைந்ததும் மெல்லிய துணியில் கட்டாயம் வடிகட்ட வேண்டும். எங்கள் தன்யெயில் (பர்மியர் கருப்பட்டியை அப்படித்தான் சொல்வார்கள்) மண்ணும் பனை நாரும் இல்லாமல் நான் பார்த்ததில்லை. வடிகட்டிய பாகை டீ சூடாக இருக்கும்போதே ஊற்றி, கைவிரலால் ஒரு சிட்டிகை உப்பு. அப்புறம் மேஜையிலேயே ஆற விட வேண்டும். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்தபின் கொதித்து ஆறிய தண்ணீரைச் சேர்த்து ஒரு லிட்டராக்குவேன். ஐஸும் எலுமிச்சையும் தம்ளரில்தான், அதுவும் குடிக்கும் நேரத்தில். எலுமிச்சை விழுந்ததும் டீயின் நிறம் ஒரு படி வெளுத்துச் செம்பாகும் பாருங்கள், புளிப்பு செய்கிற வேலை அது. கருப்பட்டியால் நிறம் கெடுகிறது என்று எழுதினீர்களே, தம்பயா (எலுமிச்சை) நாலு சொட்டு அந்தக் கணக்கை நேர் செய்துவிடும்.

கருப்பட்டி வாங்குவதைப் பற்றி ஒரு பத்தி எழுதாமல் என்னால் முடியாது. தெயின்ஜி சந்தையில் மசாலாக் கடைகளைத் தாண்டிப் போனால் தன்யெ வைத்திருக்கும் அம்மாக்கள் இருப்பார்கள். உங்கள் உடன்குடிக் கருப்பட்டி சிரட்டையில் வார்த்து அரைக்கோளமாக வரும், நான் ஒரு முறை தூத்துக்குடிப் பக்கம் வந்தபோது பார்த்திருக்கிறேன். எங்களுடையது கையால் உருட்டியது, நெல்லிக்காய் அளவு, ஒவ்வொன்றிலும் விரல் தடம் தெரியும். பகான், ஞாங்-ஊ, மியிஞ்ஜான் பக்கத்து வறண்ட பூமியில் இருந்து வருகிறது. பனைக்கு அந்த வெயில்தான் பிடிக்கும் போலிருக்கிறது. பகானுக்குத் தெற்கே சௌக் என்று ஓர் ஊர், 2024 ஏப்ரல் 28 அன்று அங்கே 48.2 டிகிரி வெயில் அடித்தது. அந்த வாரம் ரங்கூனிலேயே என் டீ இலை டப்பா சுட்டது. கருப்பட்டியை உடைத்துப் பார்த்தால் உள்ளே வெளிர் பழுப்பாக, மணல் மாதிரிப் பொலபொலவென்று இருப்பது டீக்கு நல்லது. பிசுபிசுவென்று கறுத்துக் கிடப்பது மழைக்காலச் சரக்கு, அதில் டீ போட்டால் புகையும் புளிப்பும்தான் முன்னே வரும். அம்மாக்கள் ஒரு உருண்டையைக் கையில் வைத்து வாயில் போட்டுப் பார்க்கச் சொல்வார்கள். இங்கே விருந்தாளி வந்தால் பச்சைத் தேயிலைத் தண்ணீரோடு ஒரு தட்டில் இந்த உருண்டைகளை வைப்பது வழக்கம். ஒன்றைக் கடித்துக்கொண்டு ஒரு வாய் குடிப்பார்கள். இனிப்பையும் டீயையும் கலக்காமல் வாய்க்குள்ளேயே கலந்துகொள்ளும் முறை அது, அங்கே அப்பாவின் சட்டம் செல்லாது.

கருப்பட்டி கிடைக்காத நாளில் வெள்ளைச் சீனிதான், வெட்கம் ஒன்றும் இல்லை. ஆனால் பாகாகக் காய்ச்சி வைத்துக்கொள்வேன். சீனி ஒரு பங்கு, தண்ணீர் ஒரு பங்கு, கொதி வந்ததும் இறக்கினால் போதும். கருப்பட்டிப் பாகோடு பாலை மட்டும் சேர்த்துக் கொதிக்க வைக்காதீர்கள், திரிந்துபோகும். கடையில் ஒரு நாள் புதுமை செய்கிறேன் பேர்வழி என்று செய்துவிட்டு அப்பாவிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

சரி, அந்தச் சர்க்கரை நோய் வரிக்கு வருகிறேன். எழுத உட்கார்ந்ததே பாதி அதற்காகத்தான். என் மனைவிக்குப் பதினெட்டு வருஷமாகச் சர்க்கரை. 'கருப்பட்டி நல்லது, அது ஒன்றும் செய்யாது' என்று உறவுக்காரர்கள் சொல்லிச் சொல்லி அவளும் ஒரு கோடை முழுக்க என் கருப்பட்டி ஐஸ் டீயைக் குடித்தாள். வீட்டில் விரலில் குத்திப் பார்க்கும் மெஷின் வந்தபின்தான் எங்களுக்குப் புத்தி வந்தது. கருப்பட்டியிலும் பெரும்பகுதி அதே சர்க்கரைதான். வாசமும் தாது உப்புகளும் கொஞ்சம் கூடுதலாக இருக்கலாம், ரத்தத்தில் ஏறும்போது அது தன் சாதியை மறப்பதில்லை. நான் கருப்பட்டி போடுவது ருசிக்காக, வைத்தியத்துக்காக அல்ல. உங்கள் பத்திரிகையை நம்பி எத்தனை வீட்டில் எத்தனை பேர் தாராளமாகக் குடித்தார்களோ. அந்த வரியை மட்டும் தயவுசெய்து திருத்திப் போடுங்கள்.

அவளுக்கு இப்போது வேறு டீ. யே நுவே ஜானுக்கு உரிய பச்சைத் தேயிலையை வறுக்காததாக வாங்கி வந்து, இரவில் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு ஃபிரிட்ஜில் வைத்துவிடுவேன். அடுப்பே வேண்டாம். காலையில் எடுத்தால் துவர்ப்பு மிகக் குறைவாக, இலேசாக ஒரு புல் வாசத்தோடு இருக்கும். இனிப்பு இல்லாததை நாக்கு தேடுவதே இல்லை. இஞ்சியைத் தட்டி நாலு துண்டு, புதினா இரண்டு இலை. பர்மியர்களிடம் ஒரு பழமொழி உண்டு: பழத்தில் மாம்பழம், இறைச்சியில் பன்றி, இலையில் தேயிலை. அவர்கள் சொல்வது ஊறவைத்துச் சாப்பிடுகிற லப்பெ இலையை. பன்றி எங்கள் வீட்டில் கிடையாது, மற்ற இரண்டுக்கும் நான் கையெழுத்துப் போடுவேன்.

ஐஸ் பற்றியும் கொஞ்சம். எங்கள் தெருவில் பாளம் பாளமாக உமியில் புதைத்து வண்டியில் கொண்டுவருவார்கள். குளிர வைக்க அது சரி, தம்ளருக்குள் போட நான் சம்மதிக்க மாட்டேன், எந்தத் தண்ணீரில் உறைய வைத்தார்களோ. 20 லிட்டர் குடிதண்ணீர் புட்டியில் வாங்கி வீட்டில்தான் உறைய வைக்கிறோம். ஆனால் கரண்ட் இங்கே முறை வைத்து வருகிறது, எப்போது வரும் எப்போது போகும் என்பது அந்த நாளைப் பொறுத்தது. அதனால் கரண்ட் வந்ததும் நாங்கள் செய்கிற முதல் வேலை, மீந்த டீயையே ட்ரேயில் ஊற்றி உள்ளே வைப்பது. டீயே ஐஸாக இருந்தால் உருகினாலும் தண்ணீராகாது. கரண்ட் இல்லாத நாளில் எவர்சில்வர் தூக்கை மண்சட்டித் தண்ணீரில் இறக்கி, மேலே ஈரத்துணியைச் சுற்றி ஜன்னலோரம் வைப்போம். ஐஸ் அளவுக்குச் சில்லென்று ஆகாது. ஆனால் தொண்டை கட்டாது, கருப்பட்டி வாசமும் அப்போதுதான் நன்றாகத் தெரியும். என்னைக் கேட்டால் அதுவே மேல். பேரன் ஒத்துக்கொள்ள மாட்டான். அவன் டீ, பால், சீனி மூன்றும் கலந்த பாக்கெட் டீயை வெந்நீரில் கொட்டி, ஐஸை நிரப்பி, அதன்மேல் கன்டென்ஸ்டு மில்க்கையும் ஊற்றிக் குடிக்கிற கட்சி. அவன் வயதுக்கு அது சரி.

கட்டுரையில் இன்னொரு தகவலும் இருந்தது, ஐஸ் டீயை 1904இல் அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில்தான் கண்டுபிடித்தார்கள் என்று. இந்தியத் தேயிலையை விற்கப்போன ரிச்சர்ட் பிளெச்சிண்டன் என்பவர், வெயிலில் சூடான டீயை யாரும் தொடாததால் ஐஸ் போட்டுக் கொடுத்தார் என்கிற கதை. விற்றிருப்பார், ஊரெல்லாம் பரவ அது காரணமாகவும் இருந்திருக்கும். ஆனால் 1879இல் அச்சான ஒரு வர்ஜீனியாச் சமையல் புத்தகத்திலேயே ஐஸ் டீ செய்முறை இருப்பதைப் பேத்தி எடுத்துக் காட்டினாள். படித்ததும் அந்த அம்மாளின் மேல் எனக்கு மரியாதை வந்தது. பச்சைத் தேயிலை, ஒரு குவார்ட் (ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் குறைவு) வெந்நீருக்கு இரண்டே கரண்டி. இரவுச் சாப்பாட்டுக்கு வேண்டுமென்றால் காலையிலேயே போட்டுவைக்கச் சொல்கிறார். கலக்காமல் வடிகட்டு, அடி மண்டியை விட்டுவிடு, எலுமிச்சை பிழிந்தால் துவர்ப்பு அடங்கும் என்கிறார். ஒவ்வொன்றும் அடுப்படியில் நின்றவள் சொல்கிற பேச்சு. ஒரே ஒரு இடத்தில்தான் அவரும் சறுக்குகிறார்: தம்ளரில் ஐஸை நிரப்பி, அதில் இரண்டு கரண்டிச் சீனியைப் போட்டு, அதன்மேல் ஆறிய டீயை ஊற்றச் சொல்கிறார். அம்மா, நீங்களுமா என்று கேட்கத் தோன்றியது. உங்கள் கட்டுரையாளருக்கு ஆறுதலாக இருக்கட்டுமே என்று இதைச் சொல்கிறேன், இந்தத் தப்புக்கு நூற்று நாற்பது வருஷத்துக்கு மேல் வயது. என் அண்டாவும் அந்த வரிசையில்தான் நிற்கிறது.

அடுத்த முறை ஐஸ் டீ செய்முறை போடும்போது, எவ்வளவு சீனி என்பதோடு, எப்போது போட வேண்டும் என்பதையும் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு அளவு வேண்டுமே என்று கேட்கலாம். அதற்கு எங்கள் கடை வழி இருக்கிறது: சாயம் ஒரு தூக்கில், பாகு ஒரு புட்டியில். சோவா, ஜாவா என்று கேட்டுவிட்டு, முதலில் தம்ளரில் பாகு, அதன்மேல் டீ, ஒரு கலக்கு, கடைசியில் ஐஸ். பாகு ஏற்கெனவே கரைந்த சீனிதானே, குளிர்ந்த டீயிலும் உடனே கலந்துவிடும்.

இப்படிக்கு,
பழைய டீ மாஸ்டர்,
ரங்கூன்.

பி.கு.: கருப்பட்டி ஐஸ் டீயை இரண்டாம் நாளைக்கு வைக்காதீர்கள். வாசனை மாறும், மூன்றாம் நாள் நுரை கட்டும். எங்கள் வீட்டில் அதை வாசல் செம்பருத்திக்கு ஊற்றிவிடுவோம், எறும்பு வரும், அதற்கு நான் பொறுப்பல்ல.